தென்காசிக்கு மட்டும் கிளம்பாத வண்டி

பேட்டரி இல்லை, தம்பி. மன்னிக்க வேண்டும், அடுத்தவர் ஃபோனில் பேசுவதை ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் நீங்கள் பேசியது டிரைவர் வரைக்கும் கேட்டது. மச்சானோ யாரோ, அவர் கார் கிளம்பவில்லை என்கிறார். பேட்டரி போயிருக்கும், மாற்றிவிடு என்கிறீர்கள். ஒரு கார் கிளம்பவில்லை என்றால் அதற்குக் காரணம் பேட்டரி என்று இந்த நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நம்புகிறார்கள். பூமி தட்டை என்று நம்பியவர்களால்கூட மனித குலத்துக்கு இவ்வளவு செலவு வந்ததில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு என்பது உத்தேசம். நான் கணக்கெடுக்கவில்லை. கணக்கெடுக்காததை எண்ணாகச் சொல்லக் கூடாது. 'பெரும்பாலானோர்' என்று திருத்திக்கொள்கிறேன்.

எங்கே இறங்குகிறீர்கள்? ஆலங்குளமா? போதும். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், இந்தப் பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். மேலே வைத்தால் என் கண் அங்கேயே இருக்கும்.

என் பெயர் கோமதிநாயகம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் முப்பத்துமூன்று வருடம் நூலகராக இருந்தேன். கார் என்னுடையது 1998 மாடல். கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன். அவர்கள் மேல் குற்றமில்லை என்று நிரூபணமாகிவிட்டது. என் மனைவி ஆவுடையம்மாள். தென்காசிக்காரி. அவள் தங்கையும் தங்கை வீட்டுக்காரர் குற்றாலிங்கமும் இதே தென்காசியில் உரக்கடை வைத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலிருந்துதான் இப்போது வருகிறேன். கார் இருக்க, ஏன் பஸ் என்று கேட்காதீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

நோய்க்குறி இதுதான். சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரியும். ஹாரன் அடிக்கும். ஆனால் இஞ்சினைச் சுழற்றிவிடுகிற மோட்டார் இருக்கிறதே, நம்மூரில் செல்ஃப் என்பார்கள், அது ஊமையாக இருக்கும். சில நாள் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எல்லா நாளும் அப்படி என்றால் அது நோயே இல்லை, எந்த மெக்கானிக்கும் கண்டுபிடித்துவிடுவார். இது நினைத்தால் வரும், நினைத்தால் போகும். பல்வலி போல. டாக்டர் வாசலை மிதித்ததும் வலி நின்றுவிடும் பாருங்கள், அப்படி. மேலப்பாளையத்தில் மீராசா என்று ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன். கெட்டிக்காரர். அவர் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனால் வண்டி பத்துத் தடவை திருப்பினாலும் பத்துத் தடவையும் கிளம்பும்.

"சார்வாள், இது வண்டியா இல்ல கல்யாணப் பொண்ணா? என்னையப் பாத்ததும் ஒழுக்கமா நிக்கி" என்பார்.

நான் சும்மா இருப்பவன் இல்லை. கல்லூரி நூலகம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது பழைய கேட்லாக் கார்டுகளைத் தூக்கிப் போட்டார்கள். பின்பக்கம் எழுதாத கார்டுகள் இரண்டு பெட்டி வீட்டில் வைத்திருந்தேன். வண்டி நிற்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கார்டு. நாள், நேரம், வானிலை, சேருமிடம், உடன் வருபவர், அறிகுறி. இதோ, பையில் இருக்கிறது. வேண்டாம், எடுத்தால் வரிசை கலைந்துவிடும். இரண்டு வருடத்தில் பதினேழு கார்டு.

பேட்டரியை மாற்றினேன். ஆமாம், நானும்தான். அந்தப் பாவத்தைச் செய்தவன் என்பதால்தான் உங்களை எச்சரிக்கிறேன். அடுத்து டெர்மினலைக் கழற்றி, சோடா உப்பும் வெந்நீரும் ஊற்றிக் கழுவி, வாஸலின் தடவினேன். எர்த் ஒயர் மாற்றினேன். ரிலே மாற்றினேன். மீராசா செல்ஃபைக் கழற்றி உள்ளே கார்பன் பிரஷ் மாற்றினார். ஒவ்வொரு முறையும் நோய் தீர்ந்துவிடும். மார்க்கெட்டுக்குப் போவேன், ஈ.பி. ஆபீசுக்குப் போவேன், கோவில்பட்டியில் என் அண்ணன் வீட்டுக்குப் போவேன், தங்கமாக ஓடும். அப்புறம் ஒரு நாள் தென்காசிக்குப் புறப்படுவோம். 'டிக்.'

இது பாவூர்சத்திரமா? ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறான்? கண்டக்டர் டீ குடிக்கிறாரோ? சரி.

பதினேழு கார்டில் பதினைந்து தென்காசி. இதை நான் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே ஆவுடை சொல்லிவிட்டாள். அவளிடம் கார்டு கிடையாது, ஒன்றும் கிடையாது. அடுப்படியில் நின்றுகொண்டே சொன்னாள்.

"உங்க அண்ணன் வீட்டுக்குப் போகயில ஒரு நாளாச்சும் நின்னுருக்கா? எங்க ஆளுங்க வீடுன்னாத்தான் அதுக்கு நோவு வரும்."

"ஆவுடை, கோவில்பட்டிக்கு ஒன்பது முறைதான் போயிருக்கிறேன். முடிவுக்கு வர அந்த எண்ணிக்கை போதாது" என்றேன்.

"எனக்குப் போதும்" என்றாள்.

இதில் என்னை மிகவும் புண்படுத்தியது வேறொன்று. வண்டி நின்றுவிட்டால் நான் மீராசாவுக்கு ஃபோன் செய்ய வேண்டும். எனக்கு இந்த செல்ஃபோன் போன வருடம்தான் வந்தது. அதுவரை வீட்டுக்குள் இருக்கும் தொலைபேசிதான். ஆகவே வண்டிச் சாவியை வளையத்திலிருந்து கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, மற்றச் சாவிகளோடு போய் வீட்டைத் திறப்பேன். கேட், கிரில், வாசல் கதவு, மூன்றையும் திறந்து நான் உள்ளே போய் டயலைச் சுழற்றுவதற்குள் வெளியே இஞ்சின் உறுமும். அவள் பக்கத்து சீட்டிலிருந்து கையை நீட்டித் திருப்பியிருப்பாள்.

ஒரு முறை என்றால் தற்செயல். ஐந்து முறை அப்படி நடந்தது.

"நீங்க திருப்புனா நிக்கி, நான் திருப்புனா ஓடுது. அப்ப என்ன அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?"

"வேணும்னு செய்திய."

முப்பத்தோரு வருடம் சேர்ந்து வாழ்ந்த மனிதனைப் பார்த்து, வேண்டுமென்றே வண்டியை நிறுத்துகிறாய் என்று ஒருத்தி சொல்வதென்றால்! நான் பொய் சொல்லத் தெரியாதவன். நூலகத்தில் பிரின்சிபாலுக்கே அபராதம் போட்டவன். எனக்குத் தென்காசிமேல் என்ன விரோதம்? குற்றாலிங்கம் சாப்பிடும்போது சத்தமாகப் பேசுவார், அது ஒன்றுதான். அதற்காக ஒரு செல்ஃபை ஊமையாக்கும் வித்தை எனக்குத் தெரிந்திருந்தால், மீராசாவுக்குப் பதிலாக நான் கடை வைத்திருப்பேனே. என் நிரபராதித்துவத்தை நிரூபிப்பது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். மதுரையிலிருந்து, மின்சாரம் அளக்கிற மல்டிமீட்டர் ஒன்று வரவழைத்தேன்.

இந்த இடத்தில் நாங்கள் வெளியூர் புறப்படும் முறையைச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. இரண்டு பேரும் கிளம்பினால் வீடு காலி. ஆகவே நான் எல்லாவற்றையும் பூட்டுவேன். மொட்டைமாடிக் கதவு, பின்வாசல், ஸ்டோர் ரூம், பீரோ இரண்டு, புத்தக அலமாரி மூன்று, பூஜை அலமாரி, மீட்டர் பெட்டி, அப்புறம் நான் சொன்ன மூன்று. கல்லூரியில் முப்பத்துமூன்று வருடம் ஒரு சாவிக்கொத்து இடுப்பில் இருந்தது. ஓய்வு பெற்ற அன்று அதைக் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தபோது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவேன் போலிருந்தது. அந்த வாரமே வீட்டுச் சாவிகளை எல்லாம் ஒரே வளையத்தில் கோத்துவிட்டேன். அதுவரை அவை ஆணியிலும் டப்பாவிலும் ஆவுடையின் தலையணைக்கு அடியிலுமாகச் சிதறிக் கிடந்தன. ஒழுங்கே இல்லை. அவளுக்கு பீரோ திறக்க வேண்டுமென்றால் என்னிடம் கேட்டால் போதும், உடனே எழுந்து வந்து திறந்துவிடுவேன். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன்.

குற்றாலிங்கத்தின் மகள் செண்பகா. பிளஸ் ஒன்றிலிருந்து கல்லூரி முடிக்கும் வரைக்கும், ஐந்து வருடம், எங்கள் வீட்டில் இருந்துதான் படித்தாள். ஆவுடைக்கு அவள் தங்கை மகள் இல்லை, மகள். போன ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். தாலி கட்டுவதற்கு முன் மஞ்சளும் தேங்காயும் தாலியும் வைத்த தட்டைச் சபையில் ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்த் தொட்டு ஆசி வாங்குவார்கள் அல்லவா, அந்தத் தட்டைப் பெரியம்மாதான் எடுத்துவர வேண்டும் என்று செண்பகா சொல்லிவிட்டாள். ஆவுடை அதற்காகவே ஒரு பட்டு எடுத்தாள். அரக்கு நிறம். வீட்டில் நடந்துபார்த்தாள்கூட, கையில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு. நான் பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரியாது.

முதல் நாளே போகலாம் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். மண்டபத்தில் கொசு. வீட்டை ராத்திரி காலியாகப் போடுவது சரியில்லை. முகூர்த்தம் ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள். ஐந்தே காலுக்குக் கிளம்பினால் ஏழுக்குள் மண்டபத்தில் இருக்கலாம். கணக்கில் பிழை இல்லை.

ஐந்தே காலுக்குச் சாவியைத் திருப்பினேன். 'டிக்'கூட இல்லை.

உங்களிடம் மறைப்பானேன், என் முதல் உணர்ச்சி சந்தோஷம். நோய் வந்திருக்கிறது, கையில் மல்டிமீட்டர் இருக்கிறது. இரண்டு வருடமாக என்னை ஏமாற்றியது இப்போது என் முன்னால் நிற்கிறது. பானெட்டைத் திறந்தேன். டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாக அளக்க ஆரம்பித்தேன். சாவி 'ஆன்' நிலையில் வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆவுடை பட்டுப்புடவையோடு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். "சாவிய எங்கிட்டக் குடுங்க. நான் ஒரு திருப்புத் திருப்புதேன்."

நான் தரவில்லை. கையைக்கூட வைக்காதே என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் திருப்பி வண்டி கிளம்பிவிட்டால் தடயம் அழிந்துபோகும். மறுபடி எப்போது இப்படி வசமாக மாட்டும்? கொலை நடந்த அறையை யாராவது பெருக்கித் துடைக்க விடுவார்களா?

"அப்ப பஸ்ஸில போயிருவோம். அஞ்சே முக்காலுக்கு ஒண்ணு இருக்கு."

"ஐந்து நிமிடம்" என்றேன்.

மூன்று முறை அவள் காரை விட்டு இறங்கினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஒரு முறை போனாள். மூன்று முறையும் ஐந்து நிமிடம் என்றேன், மூன்று முறையும் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அந்த ஒவ்வொரு ஐந்து நிமிடமும் நான் உண்மையாக நம்பிச் சொன்னது. ஏழு இருபதுக்கு, நான் பதினோராவது அளவைக் குறித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து சும்மா திருப்பினேன். கிளம்பிவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. எனக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருந்தது தெரியுமா?

மண்டபத்துக்குள் நுழையும்போது ஒன்பது ஆகப் பத்து நிமிடம். பந்தி ஆரம்பித்துவிட்டார்கள். செண்பகா கழுத்தில் புது மஞ்சளோடு மேடையில் நின்று யாருக்கோ வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டே காலுக்குத் தாலி கட்டியாயிற்று. தட்டை மாப்பிள்ளையின் அத்தை எடுத்து வந்தாராம்.

குற்றாலிங்கம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்ன அண்ணாச்சி, ஒங்க வண்டிக்கு எங்க ஊர்த் தண்ணி ஒத்துக்கிடலையோ?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவருக்குப் பதினோரு அளவுகளையும் விளக்க முயன்றேன். ஆவுடை அதைக் கேட்க நிற்கவில்லை. மேடைக்குப் போனாள், செண்பகாவின் கன்னத்தைத் தொட்டாள், கீழே வந்து எல்லோரோடும் சாப்பிட்டாள். பாயசம் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டாள், அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. மூன்று மணிக்கு நான் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினேன். அவள் படியிலேயே நின்றாள்.

"நீங்க போங்க" என்றாள்.

"நீ?"

"நான் தங்கச்சி வீட்ல இருக்கேன்."

"எத்தனை நாள்?"

"உங்க வண்டிக்கு என்ன நோவுன்னு கண்டுபுடிங்க. பொறவு பாக்கலாம்."

இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? ஒரு சவால் என்றுதான். வேறெப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

ஜன்னலைக் கொஞ்சம் இறக்கட்டுமா? காற்றே இல்லை. இல்லை, வேண்டாம், மழை வரும்போலிருக்கிறது. சரி, பாதி.

இப்போதுதான் விசேஷம். அவள் இல்லாமல் நான் வீட்டுக்குத் திரும்பிய மறுநாளிலிருந்து நோய் முற்றிவிட்டது. அதுவரை தென்காசிக்கு மட்டும் நின்ற வண்டி, இப்போது கறிகாய் வாங்கப் போனாலும் நின்றது. தபாலாபீசுக்குப் போனாலும் நின்றது. கோவில்பட்டிக்குப் போகும்போதும் நின்றது. அதை ஒரு புதுக் கார்டில் எழுதினேன். ஆவுடையின் வாதம் உடைந்துவிட்டதல்லவா! ஃபோன் செய்து சொன்னேன். "அப்பிடியா" என்றாள். ரசம் கொதிக்கிறது என்று வைத்துவிட்டாள்.

பத்தாம் நாள், எப்படியோ ஐந்தாறு தடவை திருப்பிக் கிளப்பிக்கொண்டு மீராசா கடைக்குப் போனேன். இஞ்சினை நிறுத்தினேன். திருப்பச் சொன்னார். திருப்பினேன். நிசப்தம். மீராசா முகத்தில் பிறையைப் பார்த்த மாதிரி ஒரு மலர்ச்சி.

"அசையாதீங்க சார்வாள். அப்பிடியே இருங்க. மாட்டிக்கிட்டான்."

ஒரு சின்ன பல்பு, அதில் இரண்டு ஒயர். அவ்வளவுதான் அவருடைய கருவி. என் மல்டிமீட்டரை அவர் தொடக்கூட இல்லை. செல்ஃபுக்கு இரண்டு ஒயர் போகும், தம்பி. ஒன்று தடிமனானது, பேட்டரியிலிருந்து நேராக வருவது. இன்னொன்று மெல்லியது; நாம் சாவியைத் திருப்பியதும் 'சுற்று' என்று கட்டளை கொண்டுபோவது. அந்த மெல்லிய ஒயரில் பல்பை வைத்தார். திருப்பினேன். பல்பு எரியவில்லை.

"செல்ஃபு நல்லாத்தான் இருக்கு. பேட்டரியும் நல்லாத்தான் இருக்கு. ஓடுன்னு சொல்ல வேண்டிய ஆளு சொல்லலை" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் உள்ளங்கையை நீட்டி, தொங்கிக்கொண்டிருந்த சாவிக்கொத்தைக் கீழேயிருந்து தாங்கினார், கைக்குழந்தையின் தலையைத் தாங்குகிற மாதிரி.

"இப்பத் திருப்புங்க."

உறுமியது.

"நிறுத்துங்க. இப்ப நான் கையை எடுத்துக்கிடுதேன். திருப்புங்க."

ஒன்றுமில்லை.

"இது என்ன சார்வாள், பாளையங்கோட்டை ஜெயிலுச் சாவியா?"

அவ்வளவுதான், தம்பி. சாவி போடுகிற ஸ்விட்சுக்கு உள்ளே பித்தளைத் தகடுகள். பழைய வண்டி, தேய்ந்த தகடு. கீழே எடை இழுத்தால் இரண்டும் ஒரு நூலளவு விலகிக்கொள்ளும். தொடாத இடத்தில் மின்சாரம் எப்படிப் போகும்? கொத்து ஆடி, தற்செயலாகச் சரியான பக்கம் சாய்ந்தால் கிளம்பும். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், நானூற்றுப் பத்து கிராம். மீராசா புது ஸ்விட்ச் போட்டார். வண்டிச் சாவி தனியாக இருக்க வேண்டும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அந்தக் கொத்தை அம்மா கையில குடுத்துட்டிய்யன்னா ஒரு தொந்தரவும் இல்ல, சார்வாள்" என்றார்.

மீராசா நல்ல எலக்ட்ரீஷியன். குடும்ப நிர்வாகம் அவருடைய துறை இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பழைய பதினேழு கார்டையும், கல்யாணத்தன்றும் அதற்குப் பிறகும் எழுதிய புதுக் கார்டுகளையும் மேஜையில் பரப்பினேன். எல்லாம் விளங்கிவிட்டது. கோவில்பட்டிக்கு நான் தனியாகப் போவேன், ஆவுடை வீட்டில் இருப்பாள், பூட்டத் தேவையில்லை, வண்டிச் சாவி மட்டும் எடுத்துக்கொள்வேன். பீரோ சாவி சட்டைப்பையில். மார்க்கெட்டுக்கும் அப்படியே. மீராசா கடைக்கும் அப்படியே. தென்காசிக்கு என்றால் இருவரும், வீடு காலி, முழுக் கொத்து. பழைய பதினேழில் மீதி இரண்டு கார்டு? ஒன்று கண் ஆஸ்பத்திரி, ஒன்று இழவு விசாரிக்கப் போன ஒரு துஷ்டி வீடு. இரண்டுக்கும் அவள் கூட வந்தாள். அவள் சாவியைத் திருப்பியபோது ஏன் கிளம்பியது? கொத்து என் கையில், வீட்டுக் கதவில் இருந்தது! அவள் போன பிறகு ஏன் தினமும் நின்றது? வீடு தினமும் காலி! ஒரு கார்டுகூட மீறவில்லை. முப்பத்துமூன்று வருடம் புத்தகங்களை வகை பிரித்தவனுக்கு இப்படி ஒரு பொருத்தம் வாழ்நாளில் ஒரு முறைதான் கிடைக்கும். நான் வேண்டுமென்று செய்யவில்லை என்பது ஐயந்திரிபற நிரூபணமாயிற்று. செய்தது சாவிக்கொத்து.

பதினோரு பக்கத்தில் அறிக்கை எழுதினேன். புரட்டாசி முழுக்க எழுதினேன். இன்றைக்குக் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு தென்காசிக்குப் புறப்பட்டேன், கொத்து பையில், சாவி தனியாக. ஒரே திருப்பு.

குற்றாலிங்கம் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து வாசித்தேன். ஆவுடை முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள். குற்றாலிங்கம் ஏழாம் பக்கத்தில், "அண்ணாச்சி, இதுக்கு டாக்டர் பட்டம் குடுப்பாங்க போலுக்கே" என்றார். நான் எட்டாம் பக்கத்தைத் திருப்பினேன். முடிவுரையை வாசித்துவிட்டு நிமிர்ந்தேன்.

ஆவுடை முறத்தைத் தள்ளி வைத்தாள். "அப்ப, நான் வீட்ல இருந்தா வண்டி ஓடும். நானும் வெளிய காலெடுத்து வச்சா ஓடாது. அப்பிடித்தானே?"

"சாராம்சம் அதுதான்" என்றேன்.

"இதத்தானே நான் அன்னைக்கே சொன்னேன்?"

இல்லை என்று விளக்கினேன். அவள் சொன்னது 'எங்கள் ஆட்கள் வீடு' என்பது. அது பிழையான வகைப்பாடு. சரியான வகைப்பாடு 'இருவரும் வெளியேறுதல்'. கண் ஆஸ்பத்திரி அவளுடைய ஆட்கள் வீடு அல்லவே? இதைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். செண்பகா கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரிக்கிறாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"இப்ப அந்தக் கொத்து எங்க?"

"பத்திரமாக என் பையில் இருக்கிறது."

"பீரோ சாவி?"

"அதுவும் அதில்தான். ஒன்றுகூடத் தொலையவில்லை."

அவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை அவளைப் பார்த்தாள். "வண்டிச் சாவியக் குடுங்க, நல்லா ஆயிட்டுதான்னு பாக்கேன்" என்றாள். கொடுத்தேன். நிரூபணம் என்றால் எதிர்த்தரப்பும் சோதித்துப் பார்க்க வேண்டுமே.

அவளுக்கு ஓட்டத் தெரியும். நான்தான் கற்றுக்கொடுத்தேன், 2004-இல் லைசென்ஸும் எடுத்துக்கொடுத்தேன். ஒரு வண்டியை இரண்டு பேர் ஓட்டினால் கிளட்ச் சீக்கிரம் தேயும் என்பதால் அதற்கப்புறம் ஓட்டவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். போன வாரம்தான் குற்றாலிங்கத்தின் வண்டியில் கையைப் பழக்கிக்கொண்டாளாம், எனக்குத் தெரியாது. கிளப்பினாள். தெருவைத் தாண்டுவதற்குள் மூன்றாவது கியர். திரும்பி வருவாள் என்று வாசலில் நின்றேன். குற்றாலிங்கம் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

மூன்று மணிக்கு வந்தாள். செண்பகா வாக்கப்பட்டது இலஞ்சியில். அங்கே போய் அவளையும் ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்குப் போயிருக்கிறார்கள். தலைமுடி ஈரமாக இருந்தது. டிரைவர் சீட்டும் ஈரமாக இருந்தது. 

"வண்டி நல்லா ஓடுது" என்றாள். "வாரத்துக்கு ஒருக்கா செண்பகாவப் போய்ப் பாக்கணும். இங்கயே நிக்கட்டும்." அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தாள். "நீங்க கெளம்புங்க. இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரணும். வீடு பூட்டிக் கெடக்கு."

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அவளே கொண்டுவந்து விட்டாள். அந்த வண்டியின் இடது பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. அங்கே கால் நீட்ட இவ்வளவு இடம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. இரண்டாவது கியரில் கொஞ்சம் அவசரப்படுகிறாள், அதைச் சொன்னேன். "சரி" என்றாள். எப்போது வருகிறாய் என்று கேட்டேன். பின்னால் ஒரு மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது, பதில் சரியாகக் காதில் விழவில்லை. பாக்கலாம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

வழக்கு என்னவோ எனக்குச் சாதகமாக முடிந்துவிட்டது. அவள் வாயால் 'வேணும்னு செய்திய' என்பதை இன்றைக்கு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

ஆலங்குளம் வந்துவிட்டதா? அதற்குள்ளாகவா? இறங்கும்போது ஜாக்கிரதை, அவன் நிறுத்தமாட்டான். உங்கள் மச்சானிடம் சாவியைத் தனியாகப் போட்டுத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி கடைக்குப் போகவேண்டாம். ஒரு நிமிடம், இந்த ஃபோனில் எந்தப் பொத்தானை அமுக்கினால் பழைய நம்பர் வரும்? இதுவா? நன்றி. இல்லை, அவளுக்கு இல்லை. எங்கள் பால்காரருக்கு.

ஹலோ, சுடலைமுத்துவா? நான் நூலகர் பேசுகிறேன். காலையில் உங்களிடம், நாளையிலிருந்து பழையபடி முக்கால் லிட்டர் ஊற்றச் சொன்னேன் அல்லவா? ஆமாம். வேண்டாம். கால் லிட்டரே ஊற்றுங்கள்.